கோப்ளின்: எமதூதனையும் சன்னியையும் இன்னும் மனசுலேருந்து இறக்கி வைக்க முடியல

முதல்லயே சொல்லிடறேன், கதை மொத்தமும் இதுல வந்துடும், இன்னும் பாக்காதவங்க 16 எபிசோடையும் பாத்துட்டு அப்புறம் வந்து படிங்க ப்ளீஸ்.

கொரியாவுல டிவிஎன் சேனல்ல 2016 டிசம்பர்ல ஆரம்பிச்சு 2017 ஜனவரியில முடிஞ்ச டிராமா இது. அப்ப நான் பாலிடெக்னிக்ல படிச்சிட்டு இருந்தேன், சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்லேருந்து எம்ஆர்டி ரயில்ல போறப்ப வர்றப்ப போன்லயே பாத்து முடிச்சேன். இந்த வருஷம் சீனர்களோட பேய் மாசத்துல ஒரு நாள் ராத்திரி கீழ புளோக் பக்கத்துல தகர பீப்பாய்ல காகிதம் எரிச்சிட்டு இருந்தாங்க, புகை வருது ஜன்னல மூடுன்னாங்க அம்மா, மூடிட்டு வந்து டிவியில சும்மா இத போட்டேன், அம்மாவும் பக்கத்துல வந்து உக்காந்துட்டாங்க. அவங்களுக்கு சப்டைட்டில் வேகமா படிக்க வராது, அதனால 16 எபிசோடுக்கும் நான்தான் தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தேன். ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடும், தொண்டையே கட்டிப் போச்சு, ஆனா வாயால சொல்லி சொல்லி பாத்ததுல தான் இந்த கதையில யாருக்கு யார் என்ன உறவுங்கறது எனக்கே சரியா உறைச்சுது.

கதை தெரியாதவங்களுக்கு சுருக்கமா. கிம் ஷின் கொர்யோ காலத்து தளபதி, போர்ல ஜெயிச்சிட்டு வந்தவன கூட இருக்கற அரண்மனை ஆளு ஒருத்தன் பேச்ச கேட்டு ராஜாவே கொன்னுடறான். தளபதியோட தங்கச்சி தான் அந்த ராஜாவோட ராணி, அவளும் அதே இடத்துல அம்பு பட்டு செத்துப் போறா. கிம் ஷின் மட்டும் கோப்ளினா, அதாவது சாகாத பூதமா எழுந்து, நெஞ்சுல வாளோட 900 வருஷத்துக்கு மேல அலையறான், கோப்ளினோட மணப்பொண்ணு வந்து அந்த வாள உருவுனா தான் அவனுக்கு விடுதலை. அந்த பொண்ணு தான் ஜி உன்தாக், ஆவிங்கள பாக்கற ஸ்கூல் பொண்ணு, அம்மா இல்லாம சித்தி வீட்டுல கஷ்டப்படறவ. கொங் யூவும் கிம் கோ உன்னும் நடிச்சிருக்காங்க.

இந்த ஜோடிய தான் எல்லாரும் கொண்டாடுவாங்க. எனக்கு ரெண்டு தடவையும் நெஞ்சு அடைச்சது வேற இடத்துல. லீ டோங் வூக் நடிச்ச எமதூதன், யூ இன் நா நடிச்ச சன்னி, அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட கிம் ஷின், இந்த மூணு பேர் தான் என்ன பொறுத்தவரைக்கும் கோப்ளின்.

கருப்பு தொப்பி போட்ட இந்த எமதூதனுக்கு பேரு கிடையாது, போன ஜென்மம் ஞாபகம் கிடையாது. செத்தவங்களுக்கு டீ போட்டு குடுத்து இந்த பிறவிய மறக்க வச்சு அனுப்பறது தான் வேலை. கிம் ஷின் வெளிநாடு கிளம்பற நேரத்துல டோக் ஹ்வாங்கற பணக்கார வீட்டு பையன் அவர் வீட்டையே இந்த எமதூதனுக்கு வாடகைக்கு விட்டுடறான், அப்படித்தான் ரெண்டு பேரும் ஒரே வீட்டுல மாட்டிக்கறாங்க. முதல்ல எலியும் பூனையுமா சண்டை, அப்புறம் பாத்தா ஒண்ணா மார்க்கெட் போயி பையில வெங்காயத்தாள் நீட்டிக்கிட்டு நடந்து வர்றாங்க, அதுக்கு முன்னாடி உன்தாக்க காப்பாத்த இருட்டு ரோட்டுல ரெண்டு பேரும் எந்த நடை நடந்து வந்தாங்களோ அதே நடை. அம்மா அந்த சீன ரெண்டு தடவ போட சொன்னாங்க.

இப்படி ஒட்டிக்கிட்டவங்கள பாத்து சிரிச்சிட்டு இருக்கறப்ப தான், அந்த எமதூதன் வேற யாரும் இல்ல, கிம் ஷின கொன்ன அதே ராஜா வாங் யோன்னு தெரிய வருது. முதல் தடவ பாத்தப்ப எனக்கு கோபம் தான் வந்துச்சு. ரெண்டாவது தடவ அப்படி இல்ல, ஏன்னா வரப்போறது தெரிஞ்சு பாக்கறப்ப கிம் ஷின் அவன்கிட்ட சிரிச்சு பேசற ஒவ்வொரு இடமும் வலிக்குது. தங்கச்சி படத்த ஒரு சுருள்ல வச்சிருப்பாரு, அத வரைஞ்சதே அந்த ராஜா தான். அத எமதூதன் பாக்கற சீன்ல எதுக்கு அழறோம்னே தெரியாம அழுவான். கழுத்த நெறிச்சு கேக்கற கிம் ஷின் மேலயும் தப்பு சொல்ல முடியல, நெறிபடறவன் மேலயும் சொல்ல முடியல. கொன்னவனுக்கு தான் கொன்னதே ஞாபகம் இல்லன்னா கோபத்த யார் மேல காட்டறது சொல்லுங்க.

சன்னி. நடைபாலத்துல ஒரு கிழவி பரப்பி வச்சிருக்கற கடையில ஒரு மோதிரம், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கை வைப்பாங்க, அவ முகத்த பாத்ததும் அவன் கண்ணுல தண்ணி வழியும், ஏன்னு அவனுக்கும் தெரியாது அவளுக்கும் தெரியாது. அந்த மோதிரம் போன ஜென்மத்துல ராணி விரல்ல இருந்தது, அந்த ராணியோட மறுபிறவி தான் சன்னி. விட்டகுறை தொட்டகுறைன்னு நம்ம வீடுங்கள்ல சும்மா சொல்லுவோமே, அத நான் திரையில கண்ணால பாத்தது அங்க தான். பேர் கேட்டா சொல்ல பேர் இல்லாம ஒருத்தன் முழிக்கறது, கடைசியில எங்கேயோ கேட்ட ஒரு பேர புடிச்சு தன் பேருன்னு சொல்லிக்கறது, அவ்வளவு பாவமா இருக்கும். அவ சிக்கன் கடை முதலாளி, வாய்க்காரி, எதுக்கும் பயப்படாதவ, ஆனா அவன் போன் வருமான்னு பாத்துக்கிட்டு இருப்பா.

ஞாபகம் திரும்பினதும் அவ எடுக்கற முடிவு இருக்கே, அத நான் ரொம்ப மதிக்கறேன். இன்னும் அவன புடிச்சிருக்கு, ஆனா அண்ணன சாகடிச்சவன் கூட இந்த ஜென்மத்துல சேந்து வாழ முடியாது, அதனால பிரிஞ்சு போறது தான் நான் குடுக்கற தண்டனைன்னு சொல்லிட்டு போயிடறா. நிறைய டிராமாவுல பொண்ணுங்க ஒரே அழுகையில எல்லாத்தையும் மன்னிச்சிடுவாங்க. இவ மன்னிப்ப அடுத்த ஜென்மத்துக்கு தள்ளி வைக்கறா. கடைசியில அவன் கூட்டிட்டு போக வேண்டிய கடைசி உயிரே அவளோடது தான், ரெண்டு பேரும் கைய புடிச்சிக்கிட்டு ஒண்ணா போறாங்க. அடுத்த பிறவியில அவன் போலீஸ், அவ நடிகை.

சப்டைட்டில் பத்தி சொல்லியே ஆகணும். நான் பாத்த ஆப்புல தமிழ் கிடையாது, இருக்கற இங்லீஷும் சில எபிசோடுல வசனத்துக்கு ரெண்டு செகண்ட் லேட்டா வருது, அத கூட பொறுத்துக்கலாம், உறவுமுறைய தொடைச்சு போட்டது தான் தாங்கல. சன்னிக்கு போன பிறவி ஞாபகம் வந்து கிம் ஷின "ஒராபொனி"ன்னு கூப்பிடறப்ப கீழ வெறும் பிரதர்னு வருது. அது தங்கச்சி அண்ணன கூப்பிடற பழைய காலத்து மரியாதையான சொல்லு. நான் அம்மாவுக்கு "அண்ணா"ன்னு மாத்தி சொன்னேன், சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கே குரல் உடைஞ்சிடுச்சு. எங்க அண்ணன் என்எஸ்ல, அதாவது கட்டாய தேசிய சேவையில இருந்தப்ப ஞாயித்துக்கிழமை சாயந்தரம் கேம்ப்புக்கு திரும்பி போவான், லிஃப்ட் கதவு மூடற வரைக்கும் நான் வாசல்லயே நிப்பேன், ரெண்டு வருஷ என்எஸ்ஸுக்கே அப்படி. 900 வருஷம் கழிச்சு தங்கச்சிய திரும்ப பாக்கறவனுக்கு எப்படி இருக்கும்.

அதே மாதிரி தான் உன்தாக் அவர "அஜுஷி"ன்னு கூப்பிடறதும். நம்ம ஊரு கணக்குல அங்கிள் தான். அம்மா ரெண்டாவது எபிசோடுலயே கேட்டாங்க, "ஏண்டி, அங்கிள்னு கூப்பிட்டுக்கிட்டே கட்டிக்கிறேங்குது, ஸ்கூல் யூனிஃபார்ம் வேற போட்டிருக்கு". எனக்கு பதில் இல்ல. இந்த டிராமா எனக்கு உயிர், ஆனா அவ ஸ்கூல்ல படிக்கற வரைக்கும் வர்ற காதல் சீன்ஸ் இப்ப பாக்கறப்ப எனக்கு உறுத்துது, 18 வயசுல பாத்தப்ப உறுத்தல. மெழுகுவத்திய ஊதினா அவர் வந்து நிக்கறது, கதவ தொறந்தா சியோல்லேருந்து கனடாவோட கியூபெக்ல போயி இறங்கறது, இதெல்லாம் அழகு தான், ஆனா கதாசிரியர் கிம் உன் சூக் அவள கொஞ்சம் பெரிய பொண்ணா ஆரம்பிச்சிருந்தா எதுவும் குறைஞ்சிருக்காது. ஒன்பது வருஷம் கழிச்சு அவ ரேடியோவுல வேலை பாக்கறவளா, எல்லாம் மறந்தும் எதுக்கோ ஏங்கறவளா வர்றப்ப தான் நான் அந்த ஜோடிய முழுசா ஏத்துக்கிட்டேன். அப்படி ஏத்துக்கிட்டதும் குழந்தைங்க பஸ்ஸ காப்பாத்த லாரிக்கு குறுக்க கார கொண்டு போயி நிறுத்தி செத்துப் போறா, அன்னிக்கு ராத்திரி அம்மா சாப்பிடவே இல்ல.

உன்தாக்குக்கு இன்னொரு உறவு இருக்கு, யாரும் அதிகமா பேச மாட்டாங்க. குழந்தை வரம் குடுக்கற சாம்ஷின் தேவதை, காய்கறி விக்கற கிழவியாவும் சிவப்பு டிரஸ் போட்ட அழகான பொண்ணாவும் மாறி மாறி வருவா. ஸ்கூல் முடிக்கற விழாவுல எல்லா பிள்ளைங்களும் அம்மா அப்பாவோட போட்டோ எடுத்துட்டு இருக்க இவ மட்டும் தனியா நிப்பா, அப்ப சாம்ஷின் பருத்திப் பூ கொத்தோட உள்ள நடந்து வந்து அவள கட்டிப் புடிச்சுப்பா. இத்தன நாளா அவள மட்டம் தட்டின டீச்சர பாத்து, இன்னும் கொஞ்சம் நல்ல டீச்சரா இருந்திருக்க கூடாதான்னு மெதுவா தான் கேப்பா, டீச்சருக்கு ஏன்னு தெரியாம கண்ணீர் வரும். கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் என்னையும் ஒருத்தங்க அப்படி பேசியிருக்காங்க, அந்த சீன்ல நான் அழுதது உன்தாக்குக்கு மட்டும் இல்ல.

கடைசி எபிசோட் கொரியாவுல 20 சதவீத ரேட்டிங்க தாண்டுச்சு, கேபிள் டிராமா ஒண்ணு அத தொட்டது அது தான் முதல் தடவ. அடுத்து வந்த கொரியாவோட பேக்சாங் விருதுல கொங் யூவுக்கு சிறந்த நடிகர் விருது, எழுதினவங்களுக்கு பெரிய விருது. கொங் யூவுக்கு குடுத்தது சரி தான், ஆனா லீ டோங் வூக் அந்த சுருள பாத்து அழற ஒரு சீனுக்காகவே அவரையும் மேடையில ஏத்தியிருக்கணும்.

நடுவுல 10லேருந்து 12 வரைக்கும் கொஞ்சம் இழுக்கும், விட்டுடாதீங்க. தனியா பாக்கறத விட வீட்டுல ஒருத்தர உக்கார வச்சு பாருங்க. எனக்கு 5க்கு நாலரை, அந்த யூனிஃபார்முக்காக அரை குறைச்சேன். அம்மா மார்க் எல்லாம் போடல, நேத்து தேக்காவுல பூ வாங்கறப்ப திடீர்னு கேட்டாங்க, "அந்த கருப்பு தொப்பி பையன் வேற எதுலயாச்சும் நடிச்சிருக்கானா?" இன்னிக்கு ராத்திரி தேடி போடணும்.