மாலத்தீவு டைவ் பயணம்: போட்டோவில் இருந்த படகு வேறு, வந்த படகு வேறு

மாலத்தீவில் ஏழு இரவு படகிலேயே தங்கி, நாளுக்கு மூன்று தடவை டேங்க் கட்டிக் கடலுக்குள் டைவ் அடிக்கும் லிவ்அபோர்ட் பயணத்துக்குப் பணம் கட்டலாமா என்று யோசிப்பவர்கள், கட்டுவதற்கு முன் இதை ஒருதடவை படித்துவிடுங்கள். 2025 பிப்ரவரியில் நானும் என் மச்சினனும் காசு கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட கதை இது. ஏஜென்ட் பெயரையும் படகின் பெயரையும் எழுதப்போவதில்லை. வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் சொல்லும் தெம்பு எனக்கில்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பிரயோசனமில்லை. இதே ஆட்டத்தை வேறு பெயரில் ஆட ஆள் இருப்பார்கள்.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் போட்டோ பார்த்து மயங்கினேன். மேல்தளத்தில் வெள்ளை சோபா, ஜன்னல் வழியாகக் கடல் தெரியும் அறை, மேஜை நிறைய பழம். ஆளுக்கு 1,190 டாலர். நான் விசாரித்த மற்ற படகுகள் எல்லாம் 1,500க்குக் கீழே இறங்கவில்லை. "மாமா, எங்கயோ இடிக்குதே" என்றான் மச்சினன். "காலியா இருக்கிற சீட்டை ரொப்புறாங்கடா" என்று சமாதானம் சொன்னது நான்தான். பிப்ரவரி அங்கே வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம், வானமும் கடலும் தெளிந்து கிடக்கும் உச்ச சீசன். அந்த மாதத்தில் ஒரு படகு விலையைக் குறைத்து ஆள் தேடுகிறது என்றாலே உஷாராகியிருக்க வேண்டும். பேங்க் டிரான்ஸ்ஃபராக அனுப்பினால் 3 சதவீதம் தள்ளுபடி என்றார்கள், அனுப்பினேன். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் கார்டு கொடுத்த வங்கியிடமாவது முறையிட்டிருக்கலாம். 35 டாலர் மிச்சம் பிடிக்கப்போய் அந்தக் கதவையும் நானே சாத்திக்கொண்டேன்.

தலைநகர் மாலேவுக்குப் பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலே கரையில் எங்களை ஏற்றிக்கொள்ள ஒரு தோணி வந்தது. அவர்களும் அதை 'தோணி' என்றுதான் சொல்கிறார்கள், திவேஹி மொழியில். கேட்டதும் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. அந்த சந்தோஷம் இருபது நிமிஷம் நீடித்தது. தோணி போய் அணைந்த படகு போட்டோவில் இருந்த படகு இல்லை. அதைவிடச் சின்னது, மரப்படகு, பெயின்ட் உரிந்து கிடந்தது, பெயரே வேறு. கேட்டதற்கு, நான் டிக் அடித்துவிட்டுப் படிக்காமல் விட்ட ஒப்பந்தத்தின் ஒரு வரியைக் காட்டினார்கள்: "குறிப்பிட்ட படகு அல்லது அதற்கு இணையான படகு." இணை என்பதை யார் தீர்மானிப்பது? அவர்கள்தான்.

பயணத் திட்டத்தில் பா அட்டோலில் (அட்டோல் என்றால் வளையமாக அமைந்த பவளத்தீவுக் கூட்டம்) உள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் மாண்டா திருக்கைகளோடு டைவ் என்று போட்டிருந்தார்கள். நான் கொஞ்சம் தேடியிருந்தாலே குட்டு வெளிப்பட்டிருக்கும். ஹனிஃபாருவில் ஸ்கூபாவுக்கு, அதாவது டேங்க் கட்டி இறங்கும் டைவுக்கு, அனுமதியே கிடையாது. மூச்சுக்குழாயோடு மேலே மிதந்து பார்க்கும் ஸ்நார்க்கல் மட்டும்தான். அங்கே மாண்டா கூட்டம் சேர்வதும் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில். பிப்ரவரியில் அங்கே மாண்டாவோடு டைவ் என்று எழுதியவருக்கு ஒன்று விஷயம் தெரியாது, இல்லையென்றால் நமக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறார். படகு அந்தப் பக்கமே போகவில்லை.

படகில் ஏறியதும் பில் நீட்டினார்கள். பசுமை வரி ஆளுக்கு 84 டாலர். இதில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 2025 ஜனவரி 1 முதல் அரசாங்கமே நாளுக்கு 6 டாலரை 12 ஆக்கிவிட்டது. ஆனால் எரிபொருள் கட்டணம் என்று தனியாக 120 டாலர், அதுவும் ரொக்கமாக, ரசீது இல்லாமல். "இலவசம்" என்று போட்டிருந்த நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த டைவ் காற்று), மெஷின் ரிப்பேர் என்று கடைசி வரை வரவே இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் காசு போன கதை. விட்டுத் தொலைக்கலாம். இனி சொல்லப்போவது அப்படி இல்லை.

இரண்டாம் நாள் மூன்றாவது டைவில், சுமார் 20 மீட்டரில் வாய்க்குள் ஒரு வாடை. மண்ணெண்ணெய் ஸ்டவ்வை அணைத்ததும் வருமே, அது. மேலே வந்தபோது பொட்டு இரண்டும் தெறித்தன. மச்சினனுக்கும் தலைவலி. எங்களை டைவுக்குக் கொண்டுபோகும் அதே தோணிக்குத் திரும்பியதும் ஒரு புது டேங்க்கை எடுத்து, வால்வின் வாயில் என் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்து அரை நிமிஷம் மெல்லத் திறந்துவிட்டேன். நடுவில் எட்டணா அளவுக்கு மஞ்சள் கறை. காற்று நிரப்பும் கம்ப்ரசர் தோணியின் பின்பக்கம் இருந்தது. அது காற்றை உறிஞ்சும் குழாயின் வாய், இன்ஜின் புகைக்குழாயிலிருந்து இரண்டு முழம்கூட இல்லை. காற்று திரும்பினால் புகை நேராக நம் டேங்க்குக்குள். எண்ணெய் வாடையாவது மூக்குக்குத் தெரியும். அதோடு கூட வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு என்பதால், மேலே பெரிதாக ஒன்றும் செய்யாத அளவுகூட கீழே மூன்று மடங்கு வேலை பார்க்கும். டைவ் மாஸ்டரிடம் கைக்குட்டையைக் காட்டினேன். "ஃபில்டர் போன மாசம்தான் மாத்தினது, நோ ப்ராப்ளம்" என்றார். மறுநாள் காலை குழாயை ஒரு மூங்கிலில் கட்டித் தூக்கி வைத்திருந்தார்கள். ஆக, பிரச்சினை என்னவென்று அவர்களுக்கும் தெரிந்துதான் இருக்கிறது.

நாலாம் நாள் வாவு அட்டோலில் ஒரு 'கண்டு'. அட்டோல் விளிம்பை உடைத்துக்கொண்டு கடல் உள்ளேயும் வெளியேயும் போய்வரும் கால்வாயை அங்கே அப்படிச் சொல்கிறார்கள். நீரோட்டம் உள்ளே பாயும்போது இறங்கினால் சுறா பார்த்துவிட்டு அட்டோலுக்குள் மிதந்துவந்து சேரலாம். வெளியே இழுக்கும் நேரத்தில் இறங்கினால் போய்ச் சேருமிடம் நடுக்கடல். அதனால் கைடு முதலில் தான் மட்டும் குதித்து நீரோட்டத்தைப் பார்த்துவிட்டு வருவதுதான் வழக்கம். எங்கள் கைடு குதிக்கவில்லை. ஒன்பது பேருக்கு அவர் ஒருவர்தான். மச்சினன் அதுவரை அடித்தது 14 டைவ், கையில் இருந்தது 18 மீட்டருக்கான ஓபன் வாட்டர் சான்றிதழ். டைவ் கணக்கு எழுதும் அவன் லாக் புக்கை யாரும் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. மாலத்தீவுச் சட்டப்படி பொழுதுபோக்கு டைவுக்கு உச்ச ஆழம் 30 மீட்டர். முன்னால் போனவரைத் தொடர்ந்துபோன என் கையிலிருந்த டைவ் கம்ப்யூட்டர் 33 காட்டியது.

கால் மணி நேரத்தில் அவன் டேங்க் அழுத்தம் 60 பாருக்கு, மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே, இறங்கிவிட்டது. கைடுக்கு சைகை காட்டினேன், அவர் திரும்பவே இல்லை. நாங்கள் இருவர் மட்டும் மேலேறி, பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நின்று, இருக்கும் இடம் காட்டும் என் ஆரஞ்சுக் குழாய் பலூனை மேலே விட்டோம். தலையை வெளியே நீட்டினால் எந்தப் பக்கமும் தீவு இல்லை, அலைதான். தோணி உள்பக்கம் காத்துக்கொண்டிருந்தது, நாங்கள் வெளிப்பக்கம்.

"மாமா, தோணி தெரியுதா?"

"தெரியுது, வருது" என்றேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. 25 நிமிஷம் கழித்துத்தான் நிஜமாகவே வந்தது. அந்த பலூனும் விசிலும் என்னுடையவை; படகுக்காரர்கள் ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. இரண்டு மணிவாக்கில் மேலே ஏறினேன். சாப்பாட்டு மேஜைக்குக் கீழே ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் டார்ச், கேமரா, போன் என்று பதினொரு பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. எண்ணினேன். பெட்டியைத் தொட்டால் சுட்டது. மேல்தளத்தில் சிப்பந்திகள் வரிசையாகப் படுத்திருந்தார்கள், கேப்டன் உட்பட. முழித்திருந்தவன் நான் ஒருவன்தான். 2019 செப்டம்பர் 2 அன்று விடியற்காலை கலிபோர்னியா கடலில் கன்செப்ஷன் என்ற டைவ் படகு தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் படுத்திருந்த 34 பேர் போனது ஞாபகம் வந்தது. அங்கேயும் இரவுக் காவல் இல்லை. அந்தக் கேப்டனுக்குப் பிறகு 4 ஆண்டு சிறை கிடைத்தது. டைவ் அடிக்கிற எல்லோருக்கும் தெரிந்த சம்பவம்தான். தெரிந்தும் மூன்று ராத்திரி நான் கீழ்த்தளத்தில் நிம்மதியாகக் குறட்டை விட்டிருக்கிறேன்.

பிளக்குகளைப் பிடுங்கிப்போட்டுவிட்டு, கீழே போய் அவசர வழியைத் தேடினேன். நடைபாதைக் கோடியில் திரைக்குப் பின்னால் ஒரு சின்ன மரக்கதவு இருந்தது. தள்ளினால் ஒரு சாண் திறந்து, எதிலோ இடித்து நின்றது. போன் வெளிச்சத்தில் பார்த்தால் அந்தப் பக்கம் அரிசி மூட்டையும் கோக் கிரேட்டும். மச்சினனை எழுப்பி, பாயைச் சுருட்டிக்கொண்டு மேல்தளத்துக்குப் போய்விட்டோம். மீதி மூன்று இரவும் வானத்தைப் பார்த்துத்தான் படுக்கை. காலையில் கேப்டனிடம் சொன்னபோது ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். மூட்டை நகரவில்லை.

17 டைவ் என்று சொல்லி 12 கொடுத்தார்கள். குறைகிறதே என்று கேட்டதற்கு, ஈடாகக் கடைசி நாள் காலை 10 மணிக்கு ஒன்று வைத்தார்கள். எங்கள் விமானம் அன்றே ராத்திரி 8 மணிக்கு. பல நாள் தொடர்ந்து டைவ் அடித்தவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவது. மாட்டோம் என்று சொல்லிவிட்டோம். ஊர் திரும்பிப் புகார் எழுதினால், "13 டைவ் வழங்கப்பட்டது, ஒன்றை விருந்தினரே மறுத்துவிட்டார்" என்று பதில் வருகிறது. கூடவே அடுத்த பயணத்துக்கு 10 சதவீதம் தள்ளுபடியாம். மூன்று மெயிலுக்குப் பிறகு அந்தப் பதிலும் நின்றுவிட்டது.

இப்போது நான் யாரிடமும் போட்டோ கேட்பதில்லை. ரசீதில் படகின் பெயர் வேண்டும், மாற்றினால் முழுப் பணமும் திரும்பும் என்று எழுத்தில் வேண்டும். எத்தனை பேருக்கு ஒரு கைடு, கம்ப்ரசர் காற்றை எங்கிருந்து எடுக்கிறது, கீழ்த்தளத்தில் இரண்டாவது வழி எங்கே திறக்கிறது, இதெல்லாம் அப்புறம். முதலில் அனுப்புவது ஒரே கேள்வி: "ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் படகில் முழித்திருப்பது யார்?" போன மாதம் மூன்று பேருக்கு அனுப்பினேன். ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர் சிரிக்கிற பொம்மை அனுப்பினார். மூன்றாமவர், சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த இரவுக் காவல் அட்டவணையைப் போட்டோ எடுத்து அனுப்பினார், மணிக்கு மணி கையெழுத்தோடு. அவர் கேட்கும் விலை 1,640 டாலர். மச்சினன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.