ஸோட்டெரோவோடு நாலு வருஷம்: இந்த இன்ஷியல் படுத்தும் பாடு

கிருஷ்ணகிரியில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருக்கும் தங்கை ஒருத்தி போன வாரம் போனில் கேட்டாள், "அக்கா, துணைநூற்பட்டியலுக்கு ஸோட்டெரோ போடட்டுமா?" படிக்கிற நூல், கட்டுரை விவரங்களைச் சேர்த்துவைத்துத் துணைநூற்பட்டியல் போட்டுத் தரும் மென்பொருள் அது. உடனே வாயில் பதில் வரவில்லை. அன்றைக்குத்தான் என் நெறியாளர் பட்டியல் முழுக்கச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பித் தந்திருந்தார்.

தருமபுரிப் பக்கத்து நடுகற்கள்தான் என் தலைப்பு, இதுவரை 640 சான்றுகள் சேர்ந்திருக்கின்றன. ஆங்கிலக் கட்டுரையைச் சேர்ப்பது ஒரு வேலையே இல்லை. உலாவியின் மேலே இருக்கும் பொத்தானை அழுத்தினால் தலைப்பு, இதழ், ஆண்டு, பக்கம் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துவிடும். கட்டுரைக்கான அடையாள எண்ணான டிஓஐயோ நூலுக்கான ஐஎஸ்பிஎன்னோ கையில் இருந்தால் மந்திரக்கோல் படத்தைத் தட்டி எண்ணை ஒட்டினால் போதும். காசும் கிடையாது.

வில்லங்கம் நம் பெயரில்தான். இந்த வகை மென்பொருள்களில் பெயருக்கு இரண்டு பெட்டி, அதில் ஒன்று குடும்பப் பெயருக்கு. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்து ஒன்றுதான். முருகேசன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஒரு நூலகத் தளத்தில் அவரை 'முருகேசன் கே' என்று ஆங்கிலத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், கடைசியில் நிற்கும் கே குடும்பப் பெயராகிவிடுகிறது, குடும்பப் பெயரை முன்னால் வைக்கும் ஏபிஏ என்ற மேற்கோள் பாணியில் பட்டியல் எடுத்தால் மனிதர் 'கே, எம்.' என்று அச்சாகிறார். எழுதியது மகன், பட்டியலில் முன்னால் நிற்பது அப்பா! அவருடைய இன்னொரு கட்டுரை வேறு தளத்திலிருந்து சரியாக வந்திருக்கும், அது எம் வரிசையில் கிடக்கும், ஆக ஒரே ஆள் இரண்டு பேர். பெட்டிகளை மாற்றிப் போடலாம், ஒரே பெட்டியாகவும் ஆக்கலாம், ஆனால் ஒவ்வொன்றாகத்தான் உட்கார்ந்து செய்தேன்.

இதில் வேடிக்கை, 1970களில் தொல்லியல் துறை வெளியிட்ட நூல்களுக்கு ஐஎஸ்பிஎன் கிடையாது, எல்லாம் கையால் அடித்தவை, அவற்றில் ஒரு பிழைகூட இல்லை.

சரி, திட்டிக்கொண்டே ஏன் வைத்திருக்கிறேன்? குறிச்சொல்லுக்காக, அதாவது ஒவ்வொரு சான்றிலும் நாமே ஒட்டிவைத்துத் தேடிக்கொள்ளும் 'டேக்'. தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது, கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. அதனால் ஒரே ஊர் நடுகல் பழைய நூலில் சேலம், அடுத்ததில் தருமபுரி, இப்போதைய கட்டுரையில் கிருஷ்ணகிரி. போதாததற்குத் தருமபுரியா தர்மபுரியா என்ற எழுத்துச் சண்டை வேறு. ஊர்ப் பெயரைக் குறிச்சொல்லாகப் போட்டேன், இப்போது ஒரு தட்டில் மூன்று மாவட்டத்துச் சான்றும் ஒன்றாக வந்து நிற்கிறது. முதல் தடவை பார்த்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

தங்கையிடம் தாராளமாகப் போடு, சேர்த்தவுடனே பெயர்ப் பெட்டியைப் பார்த்துவிடு என்றேன். இதையே இன்று ராத்திரி கேட்டிருந்தால் வேண்டவே வேண்டாம், நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள் என்றிருப்பேன். இன்னும் 42 அப்பாக்களைப் பின்னால் தள்ள வேண்டியிருக்கிறது.