மாமா வயலா, வேளாண் அறிவியல் நிலையமா?

பிளஸ் டூ முடித்து வேளாண்மை படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு, விடுமுறையில் வயல் வேலை பழக இரண்டு வழி தோன்றுகிறது: சொந்தக்காரர் வயல், இல்லையென்றால் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையம்.

நாட்டின் முதல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கியது. இந்த நிலையங்களில் காளான், தேனீ, மண் பரிசோதனை என்று குறுகிய பயிற்சிகள் நடக்கும். யூரியா ஏன் இவ்வளவுதான் என்று கேட்டால் காரணத்தோடு பதில் வரும். கையில் சேறுதான் அவ்வளவாக ஒட்டாது.

மாமா விடியற்காலை ஐந்து மணிக்கு மடை திறக்க எழுப்பிவிடுவார். மண்வெட்டி பிடித்த முதல் நாளே உள்ளங்கையில் கொப்புளம். கட்டிய தண்ணீர் ஏன் நிற்கவில்லை என்று வரப்போரம் நடந்து, நண்டு வளையைக் கண்டுபிடித்து, சேற்றை உருட்டி அடைப்பதை எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. காரணம் கேட்டால், "எங்கப்பா அப்படித்தான் செஞ்சாரு" என்பார், அவ்வளவுதான். பூச்சிமருந்து தெளிப்பதும் டிராக்டர் ஓட்டுவதும் பதினெட்டு வயதுக்கு முன் வேண்டாம். மாமாவே சொன்னாலும் சரி.

இன்னொன்று: காவிரி டெல்டாவில் மே மாதம் போனால், போர்வெல் இல்லாத வயல் பெரும்பாலும் தரிசாகவே கிடக்கும். தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பை கட்டுங்கள்.

என்னைக் கேட்டால், முதலில் மாமா வயலில் ஒரு மாதம். அப்புறம் அங்கே விடை கிடைக்காத கேள்விகளோடு நிலையத்துக்கு.