வாலோடு ஒட்டிய கோளாறு: எஸ்க்யூலைட்டுடன் மூன்று வருடம்

சித்தப்பாவின் மருந்துக் கடைக்கு பில் போடும் மென்பொருளைப் பைத்தானில் நானே எழுதிக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. தரவு முழுக்க ஒரே எஸ்க்யூலைட் கோப்பில் (தனி சர்வர் இல்லாமல் தரவுத்தளத்தை ஒரு கோப்பாகவே வைக்கும் மென்பொருள் அது). முதல் ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை போன். "டிஸ்க் இமேஜ் மால்ஃபார்ம்டுனு என்னமோ வருதுடா. கடைல கூட்டம் நிக்குது."

தரவுக் கோப்பு கெட்டுவிட்டது என்று அர்த்தம். பேக்கப்பை எடுத்து மேலே ஒட்டினேன், ஓடியது. கரண்ட் போனதுதான் காரணம் என்று யூபிஎஸ் வாங்கினோம். மூன்றே வாரத்தில் மறுபடியும். எஸ்எஸ்டியை மாற்றினோம். ராம் சோதனையை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், ஒரு பிழையும் இல்லை. காசு போனதுதான் மிச்சம்.

மூன்றாவது தடவைதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். மணிக்கு ஒருமுறை இன்டெக்ரிட்டி செக் (கோப்பு கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் எஸ்க்யூலைட் சோதனை) ஓடி, விடையை நேரத்தோடு ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதும்படி வைத்தேன். அதுவரை அதன் சுருக்கமான வடிவமான குவிக் செக்கைத்தான் நம்பியிருந்தேன். அது சீக்கிரம் முடியும், ஆனால் இண்டெக்ஸும் (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) டேபிளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காது. இரண்டு வாரம் கழித்து சனிக்கிழமை மாலை 6 மணிக்கு 'ஓகே'. 7 மணிக்கு 'ரோ 1284 மிஸ்ஸிங் ஃப்ரம் இண்டெக்ஸ்'.

சனிக்கிழமை மாலை ஸ்டாக் எடுக்கும் நேரம். தங்கச்சி மாடியிலிருந்து லேப்டாப்பில், ஷேர் ஃபோல்டர் வழியாக அதே கோப்பைத் திறப்பாள். அந்த லேப்டாப் வந்ததும் தொல்லை ஆரம்பித்த சமயத்தில்தான். நானோ வேகத்துக்காக வால் (WAL, ரைட்-அஹெட் லாக்) முறையைப் போட்டு வைத்திருந்தேன்; மாற்றங்களை முதலில் பக்கத்தில் தனிக் கோப்பில் எழுதும் முறை அது. அந்த முறையில் கோப்பைத் தொடும் புரோகிராம்கள் எல்லாம் ஒரே கணினியில் ஓட வேண்டும். ஷேர்டு மெமரி (புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் நினைவகம்) மூலம்தான் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகும், நெட்வொர்க் தாண்டி அது வேலைக்கு ஆகாது. எஸ்க்யூலைட் ஆவணத்தில் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். நான்தான் படிக்கவில்லை.

சரி, லேப்டாப்பை நிறுத்திவிட்டு பேக்கப்பை ஒட்டினேன். அடுத்த மணி நேரச் சோதனையிலேயே மறுபடி பிழை! ஃபோல்டரைத் திறந்து பார்த்தால், பக்கத்தில் அதே பெயரில் '-வால்' என்று முடியும் இன்னொரு கோப்பு. பிரதானக் கோப்பில் இன்னும் சேராத பதிவுகள் அதில் இருக்கும். ஒழுங்காக மூடினால் தானாக அழிந்துவிடும், மென்பொருள் பாதியில் செத்தால் கிடக்கும். பெயருக்கேற்ற வால்தான். ஒவ்வொரு தடவையும் நான் தலையை மட்டும் மாற்றிவிட்டு, கெட்டுப்போன கோப்பின் வாலை அப்படியே விட்டிருக்கிறேன். திறந்ததும் எஸ்க்யூலைட் அந்தப் பழைய பதிவுகளை நல்ல கோப்பில் கலந்துவிட்டது. பேக்கப் போட்டும் கெட்டது என்று நான் புலம்பிய இரண்டு தடவையும் இதுவாகவே இருந்திருக்கலாம்.

இப்போது கோப்பைத் திறப்பது கடைக் கணினியில் ஓடும் ஒரு சின்ன சர்வர் மட்டும்தான். லேப்டாப் அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. பேக்கப்பை வெறும் காப்பி போடாமல் 'வேக்கம் இன்டு' என்ற எஸ்க்யூலைட் கட்டளையால் முழுப் பிரதியாக எடுத்து, எடுத்த கோப்பையும் சோதிக்கிறேன். திரும்பப் போடும்போது ஸ்கிரிப்ட் முதலில் பழைய வாலை அழிக்கும். 14 மாதமாகத் தொல்லை இல்லை. ஒரே நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பதால், சாயங்கால நெரிசலில் 'லாக்டு' என்று வந்துகொண்டிருந்தது. பிஸி டைம்அவுட்டை (பூட்டு விடும்வரை காத்திருக்கும் நேரம்) 5 வினாடியாக வைத்ததில் அதுவும் அடங்கிவிட்டது. ஒரு கடைக்கு இது தாராளம். இரண்டாவது கிளை திறந்தால் போஸ்ட்கிரெஸ் என்ற சர்வர் வகைத் தரவுத்தளத்துக்குப் போய்விடுவேன்.

திங்கட்கிழமை காலையில் நான் கூப்பிட்டால் சித்தப்பா இன்னும் "என்னடா, வாலாட்டுதா?" என்றுதான் போனை எடுக்கிறார்.