பழைய கேட்டலினா 22: வாங்கிச் சரிசெய்யலாமா?

மலிவு விலைக்கு வரும் பழைய பாய்மரப் படகுகளில் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது கேட்டலினா 22. கேட்டலினா நிறுவனத்தைத் தொடங்கிய ஃபிராங்க் பட்லர் வடிவமைத்த படகு இது. 1969-ல் தயாரிப்பு தொடங்கி 15,000-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். அத்தனை படகுகள் இருப்பதால் உதிரிபாகம் இன்றைக்கும் புதிதாகவே கிடைக்கிறது. பழைய படகைச் சரிசெய்ய இறங்குபவருக்கு இதைவிடப் பெரிய துணை கிடையாது. நீளம் இருபத்தொன்றரை அடி, எடை சுமார் ஒரு டன். டிரெய்லரில் ஏற்றி வீட்டு வாசலில் நிறுத்தியே வேலை பார்க்கலாம்.

வெளுத்த பெயின்ட், பாசி பிடித்த மெத்தை, அழுக்கு இதையெல்லாம் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவை விலையைக் குறைக்கும், வேலையைக் கூட்டாது. ஃபைபர் கிளாஸ் உடலும் பெரும்பாலும் திடமாகவே இருக்கும். அடிப்புறத்தில் அங்கங்கே சிறு கொப்புளங்கள் இருந்தாலும் படகு மூழ்கிவிடாது. பார்க்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் ஏரா, அதாவது கீல்: படகு சாயாமல் இருக்க அடியில் தொங்கும் கனமான பாகம். பெரும்பாலான பழைய கேட்டலினா 22-களில் இது மேலேயும் கீழேயும் ஆடும் வார்ப்பிரும்பு. எடை 250 கிலோ. ஏற்றினால் படகுக்கு இரண்டடித் தண்ணீர் போதும், இறக்கினால் ஐந்தடி வேண்டும். இந்த முழு எடையும் ஒரு அங்குல விட்டமுள்ள ஒரே பின்னில், அதாவது உலோக அச்சாணியில், சுழல்கிறது. வருஷக்கணக்கில் ஆடி ஆடி பின் தேயும், இரும்பில் உள்ள துளை வட்டம் குலைந்து நீள்வட்டமாகும். படகைத் தூக்கச் சொல்லி, ஏராவைக் கொஞ்சம் இறக்கி, கீழ்முனையைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆடுவது சகஜம். முன்னும் பின்னும் 'டக்'கென்று இடித்தால் துளை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஏராவைக் கழற்றி இறக்கி, துளையைப் பெரிதாக்கி புஷ் (துளைக்குள் பொருந்தும் உலோக வளையம்) போட்டு, புதுப் பின் மாட்ட வேண்டும். படகை உயரமான தாங்கிகளில் நிறுத்தி, ஏராவுக்கு அடியில் ஜாக்கி கொடுத்த பிறகுதான் போல்ட்டில் கை வைக்கலாம். 250 கிலோ நழுவினால் கையைப் பிய்த்துவிடும்.

இறக்கிய கையோடு துருவையும் முடித்துவிடுங்கள். பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, அன்றைக்கே எபாக்ஸி பிசின் பூசுங்கள். ஒரு இரவு விட்டால் மறுபடியும் செம்மண் நிறத் துரு படிந்து, அதன்மேல் பூசியது உரிந்து வரும். ஏராவைத் தூக்கும் கம்பிவடத்தில் ஒரு இழை அறுந்திருந்தாலும் முழுசாக மாற்றுங்கள். வடம் அறுந்து ஏரா விழுந்தால், அந்த அடி படகின் உடலையே உடைக்கும். வடம் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் குழாயும் கவ்விகளும் இருக்கும். பலரும் கவனிக்காத இடம் இதுதான். அந்தக் குழாய் வெடித்தால் தண்ணீர் நேராக உள்ளே வரும்.

அடுத்தது மேல்தளம். இரண்டு ஃபைபர் கிளாஸ் தோல்களுக்கு நடுவே பிளைவுட் இருக்கிறது. திருகு, கைப்பிடி, கம்பிகளின் அடி என்று எங்கே துளை உண்டோ அங்கே தண்ணீர் இறங்கி பிளைவுட் ஊறும். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டண்' என்று கணீரென ஒலிக்கும், ஊறிய இடம் 'தொப்' என்று செத்த சத்தம் தரும். உள்ளங்கையளவு கெட்டிருந்தால் இரண்டு நாள் வேலை. பாய்மரம் நிற்கும் இடத்தில் தளம் குழிந்திருந்தாலோ, நடக்கும் இடமெல்லாம் காலடியில் அமுங்கினாலோ விட்டுவிடுங்கள். மேல்தோலை வெட்டியெடுத்து, அழுகலைச் சுரண்டி, புது பிளைவுட் ஒட்டி, மறுபடி ஃபைபர் கிளாஸ் போடுவதற்குள் ஒரு சீசனே போய்விடும்.

சுக்கானை இரு கையாலும் முறுக்கிப் பாருங்கள். வெடிப்பிலிருந்து நீர் கசிந்தால் புதுசு வாங்குவதே லாபம். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிவடங்களில் பஞ்சை ஓட்டுங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே இழை அறுந்திருக்கிறது. வயது தெரியாத வடத்தை நம்பிக் காற்றில் போக வேண்டாம்.

இனி பணக் கணக்கு. புது பாய்கள், வடங்கள், 4 முதல் 6 குதிரைத்திறன் உள்ள மோட்டார், டிரெய்லர் டயர், பேரிங் எல்லாம் சேர்ந்தால் படகின் விலையைப் பல மடங்கு தாண்டும். ஆகவே பாய்த்துணி விறைப்புக் குறையாமல், மோட்டார் ஓடி, டிரெய்லர் உருண்டு வரும் அழுக்குப் படகை, இவை எதுவும் இல்லாமல் இலவசமாக வரும் பளபளப்பான படகுக்கு முன்பாக எடுங்கள்.

எங்கள் முடிவு: ஏராவும் மேல்தளமும் தேறினால் தாராளமாக வாங்கலாம். படகைத் தூக்கிக் காட்ட விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால், பின்னும் வடமும் கெட்டுவிட்டன என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவு முழுவதையும் கழித்து விலை கேளுங்கள்.