மலையடிவார மனைக்கு வரைபட அனுமதி

அம்பாசமுத்திரத்தில் கட்டட அனுமதிக்கு விண்ணப்பித்துத் தரும் ஒரு பொறியாளர் அலுவலகத்தைப் பற்றியது இம்மதிப்புரை. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் (வரைபடம் விதிப்படி உள்ளதென்று விண்ணப்பதாரரே சான்றளிப்பது), 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் இணையத்தில் உடனே அனுமதி பெறலாம் என்பதால், மலையடிவாரத்திலுள்ள பாபநாசம் பக்கத்து மனைக்கும் அவ்வாறே கிடைத்துவிடும் என்று பலர் நம்பி வருகிறார்கள். இந்த அலுவலகத்தாரோ பணம் வாங்கும் முன்பே, மலைப்பகுதிக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கிராமப் பட்டியலைப் பார்த்து, தனி அனுமதி தேவைப்படுமா என்பதைச் சொல்லிவிடுகிறார்கள். மனையின் புலப்பட (நில அளவை வரைபட) நகலில் ஓடைப் புறம்போக்கைச் சிவப்பு மையால் குறித்தும் காட்டினார்கள். 'பார்த்துக்கலாம்' என்று முன்பணம் கறப்போர் மலிந்த இத்தொழிலில் இது அபூர்வம். கட்டணம் சற்று அதிகம். ரசீதும் கேட்டால்தான் வருகிறது.