ஆண்டு வாசிப்பு இலக்கு: எண்ணிக்கையா, பக்கமா, நேரமா, வகையா?

பொங்கலையொட்டிச் சென்னைப் புத்தகக் காட்சி நடப்பதாலோ என்னவோ, தமிழ் வாசகர்கள் வாசிப்புத் தீர்மானம் எடுக்கும் மாதமாகச் சனவரி அமைந்துவிட்டது. 1977 முதல் நடந்துவரும் அந்தக் காட்சியில் பத்து விழுக்காடு கழிவில் வாங்கிய நூல்களின் படத்தைப் பகிர்ந்து, இவ்வாண்டு ஐம்பது நூல்கள் அல்லது நூறு நூல்கள் என்று அறிவிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. இலக்கு வைப்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் பலவகை நூல்களையும் படிக்க வேண்டும் என்பதே நோக்கமானால், எந்த அளவுகோலைக் கையில் எடுக்கிறோம் என்பதை முதலில் யோசிக்க வேண்டும்; ஏனெனில் அளவுகோல்தான் நாம் எந்த நூலை எடுக்கிறோம், எதைத் தள்ளிப்போடுகிறோம் என்பதைச் சத்தமில்லாமல் முடிவு செய்கிறது.

நடைமுறையில் உள்ளவை பெரும்பாலும் நான்கு: நூல்களின் எண்ணிக்கை, பக்கங்களின் எண்ணிக்கை, நாள்தோறும் இவ்வளவு நேரம், இன்னின்ன வகையில் ஒவ்வொன்று என்ற பட்டியல். ஆண்டு முழுவதையும் ஒரே பெருநூலுக்குக் கொடுப்பவர்களும் உண்டு. இவற்றை ஒரே வாசகரை வைத்து அளந்து பார்ப்பதுதான் நியாயம். வேலைக்குப் போகிறவர், நாளுக்கு அரைமணி நேரம் மட்டுமே படிக்க முடிந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ஆண்டுக் கையிருப்பு ஏறத்தாழ 182 மணி நேரம். தமிழ் நாவலை மணிக்கு 30 பக்கம் படிப்பார் என்றால் 5,500 பக்கங்களுக்குச் சற்றுக் குறைவாக வரும்; அதாவது 200 பக்க நூல்கள் 27. வேகம் ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும், இந்தக் கையிருப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் அறிவிப்புகளின் உண்மை நிலவரம் தெரியும்.

எண்ணிக்கை இலக்கைப் பரவலாக்கியது, வாசகர்கள் தாம் படித்த நூல்களைப் பதிவு செய்யும் குட்ரீட்ஸ் இணையதளம். 2011 முதல் அது நடத்திவரும் ஆண்டுச் சவாலில் வாசகர் ஓர் எண்ணை அறிவித்தால் போதும். எத்தனை முடிந்தது, திட்டத்தைவிட எத்தனை நூல் பின்தங்கியிருக்கிறோம் என்பதைத் தளமே சொல்லிக்கொண்டிருக்கும். இதன் பலம் எளிமைதான். பாதியில் மூடிவைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு, ஒரு நூலை முடித்தால்தான் கணக்கில் ஏறும் என்ற கட்டாயம் நன்மையே செய்கிறது. வாரத்துக்கு ஒன்று என்று 52 நூல்களை அறிவிப்பது இங்கே மிகவும் விரும்பப்படும் கணக்கு. நம் வாசகரின் 5,500 பக்கங்களை 52ஆல் வகுத்தால் நூலுக்கு 105 பக்கம். இலக்கை எட்ட வேண்டுமானால் அவர் மெலிந்த நூல்களையே தேட வேண்டியிருக்கும்.

மெலிந்த நூல் என்றால் மட்டமான நூல் என்று பொருளில்லை. தமிழில் குறுநாவலுக்கு வலுவான மரபு உண்டு, ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ போன்ற ஒன்றைப் படித்தவர்கள் தடிமனைத் தரத்தின் அடையாளமாகக் கருத மாட்டார்கள். தடித்த நூல்களுக்கு நேரும் கதிதான் சிக்கல். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களும் சேர்ந்து இரண்டாயிரம் பக்கங்களைத் தாண்டும். நம் வாசகருக்கு அது நான்கு மாதத்துக்கும் மேலான வேலை. அதை ஒரு நூலாகக் கணக்கிடுவதா, ஐந்தாகக் கணக்கிடுவதா என்ற விவாதம் வாசகர்களிடையே அடிக்கடி எழுவதே இந்த அளவுகோலின் கோளாறைக் காட்டிவிடுகிறது. உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ ஒரே நூல் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆகவே எண்ணிக்கைக்காரர்கள் அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுகிறார்கள், அடுத்த ஆண்டும் தள்ளுகிறார்கள். இதன் மறுபக்கமாக, 150 பக்கம் படித்துவிட்ட சலிப்பூட்டும் நூலைக் கீழே வைக்கவும் மனம் வருவதில்லை, செலவிட்ட பக்கங்கள் வீணாகிவிடுமே என்று. அக்டோபர் தாண்டியதும் கவிதைத் தொகுப்புகளை ஒரே மாலையில் இரண்டு இரண்டாக முடிக்கும் அவசரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கவிதைக்கு அதைவிடப் பெரிய அவமரியாதையை நான் அறியேன்.

பக்கக் கணக்கு இந்த அநீதியைச் சரிசெய்வது போலத் தோன்றும். ஸ்டோரிகிராஃப் போன்ற செயலிகளில் நூல் எண்ணிக்கைக்குப் பதிலாகப் பக்கங்களையோ மணிகளையோ இலக்காக வைத்துக்கொள்ளலாம். தடித்த நூல் தன் எடைக்கேற்ற மதிப்பைப் பெறும். ஆனால் தமிழ்ப் பதிப்புலகில் பக்கம் என்பது நிலையான அளவு அன்று. கிரவுன் அளவில் அச்சான நூலுக்கும் டெமி அளவில் அச்சான நூலுக்கும், எழுத்தைப் பெரிதாக்கி வரி இடைவெளியைக் கூட்டிய பதிப்புக்கும் நெருக்கிக் கோத்த பழைய பதிப்புக்கும் இடையே ஒரே நாவலின் பக்க எண்ணிக்கை வெகுவாக மாறும். மின்னூல் கருவியில் எழுத்தின் அளவைக் கூட்டினாலே பக்கங்கள் கூடிவிடும். இதைவிடப் பெரிய குறை, விறுவிறுப்பான தொடர்கதை நடைக்கு இது கொடுக்கும் சலுகை. துப்பறியும் கதையில் மணிக்கு 50 பக்கம் ஓடுகிறவர் கல்வெட்டு ஆய்வு நூலில் பத்தைத் தாண்டமாட்டார். பக்கத்தை எண்ணத் தொடங்கியவர் கல்வெட்டுப் பக்கம் திரும்புவதற்கான காரணம் ஏதுமில்லை.

நேர இலக்கைப் பற்றி நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. பகிர்ந்துகொள்ளப் பெருமையான எண் எதுவும் அதில் கிடைக்காததே காரணமாக இருக்கலாம். ஆயினும் எல்லா வகை நூல்களையும் சமமாக நடத்தும் அளவுகோல் இது ஒன்றுதான். குறுந்தொகையை எடுத்துக்கொள்வோம். அதன் 401 பாடல்களை, உ.வே.சா. 1937இல் வெளியிட்ட உரையோடு நாளுக்கு ஒன்றாகப் படித்தால் ஓராண்டும் ஒரு மாதமும் ஆகும். எண்ணிக்கைக் கணக்கில் அது ஓராண்டில் ஒரு நூல்கூட இல்லை. நேரக் கணக்கிலோ நாள் தவறாமல் இலக்கு நிறைவேறியிருக்கும். ஒரு பாடலில் நின்று, தோழி கூற்றா தலைவி கூற்றா என்று யோசித்து, முந்தைய பாடலுக்குத் திரும்பிப் போவதும் வாசிப்புத்தான் என்பதை மற்ற அளவுகோல்கள் ஒத்துக்கொள்வதில்லை. 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பு, மறுவாசிப்பு, ஒலிநூல் ஆகியவையும் இந்தக் கணக்கில்தான் குறையின்றி அடங்கும்.

நேர இலக்கின் குறையும் அதே நடுநிலையிலிருந்துதான் பிறக்கிறது. எதைப் படித்தாலும் சரி என்பதால், கை பழகிய அலமாரிக்கே போகும். ஆண்டிறுதியில் பார்த்தால் 182 மணி நேரமும் நேர்மையாகக் கழிந்திருக்கும். ஆனால் மூன்று எழுத்தாளர்களின் நாவல்களைத் தாண்டியிருக்க மாட்டோம். பலவகை வாசிப்பு என்ற நோக்கத்துக்கு நேரம் வேண்டியதுதான், அது மட்டும் போதாது.

எந்த நூல் என்ற கேள்வியை நேராகக் கேட்பது வகைப் பட்டியல் ஒன்றே. ஆங்கில வாசகர்களிடையே இதற்குப் பல வடிவங்கள் உண்டு. புக் ரயட் தளம் 2015இல் தொடங்கிய ‘ரீட் ஹார்டர்’ சவால், மாதத்துக்கு இரண்டு என்ற கணக்கில் 24 பணிகளைத் தந்தது. வாசகர் வழக்கமாகத் தொடாத நாடுகளையும் வடிவங்களையும் நோக்கித் தள்ளுவதே அதன் எண்ணம். வேறு சில பட்டியல்கள் தலைப்பில் எண் உள்ள நூல், நீல அட்டை போட்ட நூல் என்றெல்லாம் கேட்கும். அவை விளையாட்டாக நல்லவை. ஆனால் அட்டையின் நிறம் யாருடைய ரசனையையும் விரிவாக்கியதில்லை.

நூலகத்தின் வகைப்பாட்டையே பட்டியலாகக் கொள்வது இவற்றைவிட உருப்படியான யோசனை. மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசம முறையில் பொது, தத்துவம், சமயம், சமூக அறிவியல், மொழி, அறிவியல், தொழில்நுட்பம், கலை, இலக்கியம், வரலாறும் புவியியலும் எனப் பத்துப் பெரும் பிரிவுகள் உள்ளன. பிரிவுக்கு ஒரு நூல் என்றால் ஆண்டுக்குப் பத்து; நம் வாசகரால் தாராளமாக முடியும். ஆனால் தமிழில் மட்டும் படிப்பவருக்கு இது சரியாகப் பொருந்துவதில்லை. இலக்கியம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அறிவியல், தொழில்நுட்பப் பிரிவுகளிலோ பாடநூல் சாயலில்லாமல் பொது வாசகருக்கு எழுதப்பட்ட தமிழ் நூல்கள் குறைவு. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வகுத்த நூலக விதிகளில், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பதைப் போலவே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு என்பதையும் சேர்த்தே வைத்தார். பிறர் தயாரித்த பட்டியல் இந்த இரண்டாவதை மறந்துவிடுகிறது.

ஆகவே பட்டியலை வாசகரே போட்டுக்கொள்வது நல்லது. தமக்கு எது குறைகிறது என்பதைக் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் படித்த நூல்களை எழுதிப் பார்த்தாலே கண்டுகொள்ளலாம். பெரும்பாலான தமிழ் வாசகர்களின் பட்டியலில் நாடகம் இருக்காது. இந்திரா பார்த்தசாரதியின் பெயரை அறிந்தவர்களிலும் அவருடைய நாவல்களைப் படித்தவர்களே அதிகம், நாடகங்களைப் படித்தவர்கள் சிலரே. பயணநூல் என்றால் ஏ. கே. செட்டியாரைத் தாண்டி யோசிக்க வேண்டியிருக்கும், சிலருக்கு அவர் வரையில் போவதே புதிதாக இருக்கும். ஈழத்து, மலேசியப் படைப்புகள், உரையோடு கூடிய பழைய செய்யுள், வட்டார வரலாறு, கன்னடம் வங்காளம் போன்ற இந்திய மொழிகளிலிருந்து வந்த மொழிபெயர்ப்பு ஆகியவையும் அடிக்கடி விடுபடுபவை. கடைசியாகச் சொன்னதற்குச் சாகித்திய அகாதெமியும் நேஷனல் புக் டிரஸ்டும் பல பத்தாண்டுகளாக நூல்களை வெளியிட்டு வந்துள்ளன. அச்சில் இல்லாதவற்றையும் பழைய நூலகங்களில் காணலாம்.

பட்டியலில் வகைக்கு ஒரு கட்டம் என்று வைத்துக்கொண்டால், கட்டங்களின் எண்ணிக்கையில் மட்டும் அடக்கம் தேவை. ஆண்டுக்கு 27 நூல்களே முடியும் ஒருவர் 24 கட்டங்களை ஏற்றுக்கொண்டால், மனம் போனபடி எடுத்துப் படிக்க மூன்று நூல்களுக்குத்தான் இடமிருக்கும். மார்ச்சுக்குள் அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். எட்டு கட்டம் என்றால் 19 நூல்கள் விருப்பத்துக்கு மிஞ்சும். எட்டு என்பதே என் பரிந்துரை, ஆறானாலும் குறையில்லை.

இம்முறையிலும் ஏமாற்று வேலைக்கு இடமுண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைப்பதிலேயே மெலிந்த நூலைத் தேடி நிரப்பினால், எண்ணிக்கை இலக்கின் நோய் இங்கேயும் தொற்றிக்கொள்ளும். அதைவிடச் சங்கடமான ஒன்றும் உண்டு. தலித் இலக்கியம் ஒன்று, பெண் எழுத்து ஒன்று என்று கட்டம் போட்டு, ஒன்றைப் படித்ததும் அந்தக் கணக்கை முடித்துவிடுவது, அந்த எழுத்துகளை மைய வாசிப்பிலிருந்து தள்ளிவைப்பதற்கே உதவுகிறது. பாமாவின் ‘கருக்கு’ (1992) தன்வரலாறு என்ற கட்டத்தில் சேருமா, நாவல் என்ற கட்டத்தில் சேருமா என்று கேட்டால் இரண்டுக்கும் ஆள் இருக்கிறார்கள். அது யாருடைய வாசிப்பிலும் ஒதுக்கீட்டு இடத்தில் உட்கார வேண்டிய நூல் அன்று. ஆகையால் கட்டங்களை வடிவத்தையும் துறையையும் கொண்டு அமைக்க வேண்டும், எழுதியவரின் பிறப்பைக் கொண்டு அன்று என்பதே என் நிலைப்பாடு. இதற்கு மாற்றுக் கருத்து உண்டு என்பதையும், கட்டம் இல்லாவிட்டால் அந்நூல்களைத் தொடவே மாட்டார்கள் என்ற வாதத்தில் உண்மை இருப்பதையும் மறுக்கவில்லை.

ஒரே பெருநூல் என்ற வழியைப் பற்றி இங்கே நீட்டிப் பேச வேண்டியதில்லை. மகாபாரதத்தைத் தழுவி ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை 26 நாவல்களாக எழுதிய ‘வெண்முரசு’க்கோ, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட கம்பராமாயணத்துக்கோ நாளுக்கு அரைமணி நேரத்தில் ஓராண்டு போதாது. கம்பனை ஓராண்டில் முடிக்க நாளுக்கு 28 பாடல்கள் வேண்டும். உரையோடு படிப்பவரால் அந்த வேகத்தில் போக இயலாது. அது தனித்த தவம்; பலவகை வாசிப்பை நாடுபவர் அதை வேறோர் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், புதிதாக வாசிக்கத் தொடங்கும் இளையவருக்கு எண்ணிக்கையையே சொல்வேன், மாதத்துக்கு ஒன்றாக ஆண்டுக்குப் பன்னிரண்டு. நூலை முடிக்கும் பழக்கம் வேரூன்ற அது போதும். ஏற்கெனவே நிறையப் படிக்கிறவருக்கு எண்ணிக்கை எதையும் கற்றுத்தராது. அவர் நாளுக்கு அரைமணி என்பதை அடித்தளமாகவும், எட்டு கட்டங்களைத் திசைகாட்டியாகவும் வைத்துக்கொண்டு, முடித்த நூல்களின் பெயரை நோட்டில் குறித்துவந்தால் எண்ணிக்கை தானாகத் தெரியும். அதை இலக்காக்க வேண்டாம்.

செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும். பழகாத வகையில் வாங்கும் நூல் பிடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம் என்பதால், வகை இலக்குதான் இவற்றில் பணம் அதிகம் பிடிப்பது. எட்டு கட்டங்களுக்கான நூல்களை மாவட்ட மைய நூலகத்தில் எடுத்தும், சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ கன்னிமராவிலோ, மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ உட்கார்ந்தும் படித்துப் பார்க்கலாம். நாட்டுடைமையான எழுத்தாளர்களின் படைப்புகள் பல தமிழ் இணைய நூலகத்திலும், ஈழத்து நூல்கள் பெருமளவில் ‘நூலகம்’ என்ற பெயருடைய இணையதளத்திலும் இலவசமாகவே கிடைக்கின்றன. கைக்காசை விருப்பத்துக்குரிய 19 நூல்களுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழா நடக்கும் சமயத்தில் எந்தக் கட்டங்கள் காலியாக இருக்கின்றன என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால், ஆண்டு முடிய இன்னும் நான்கு மாதம் கையில் இருக்கும். அப்போது காலியாக இருப்பது பெரும்பாலும் நாடகமாகவும் அறிவியலாகவும்தான் இருக்கும். கடைகளின் முன்வரிசையில் அவை கண்ணில் படுவதில்லை, கேட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. எனவே அந்த இரண்டையும் மட்டுமாவது சனவரியிலேயே எடுத்து வைத்துவிடுவது உத்தமம்.